சுவிஃப்ட், போலோவ இறக்கணுமா: ஸ்ப்ரிங் மட்டுமா, முழு கிட்டா, காயிலோவரா, வீட்டுலயே மாட்டறதுக்கு எது சரி?

காரை கொஞ்சம் இறக்கலாம்னு நினைக்கற எல்லாரும் முதல்ல பாக்கறது ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவுல இருக்கற கேப்பத்தான். அது தப்பே இல்ல, சுவிஃப்ட் மாதிரி வண்டில அந்த கேப் குறைஞ்சா வண்டி நிக்கற தோரணையே மாறிடும், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா எந்த வழியில இறக்கறதுன்னு முடிவு பண்றப்ப அந்த கேப்ப மறந்துட்டு வேற ஒரு அளவ பாக்கணும். வண்டி இறங்கினதுக்கு அப்புறம் சக்கரம் ஒரு மேட்டுல ஏறும்போது மேல எழும்ப எத்தன சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு, அந்த மிச்சத்துக்குள்ள வேலை செய்யற மாதிரி ஷாக் அப்சார்பர் இருக்கா, இந்த ரெண்டு கேள்விதான். கடைல காட்டற எல்லா வழியையும் இந்த ரெண்டு கேள்விய வச்சு அளந்தா பாதி குழப்பம் தீந்துடும்.

அக்கா பையன் 2018 மாடல் சுவிஃப்ட் வச்சிருக்கான், கோயம்புத்தூர்ல வேலை, தினமும் ஆபீஸுக்கு ஓட்டறான், லீவு கிடைச்சா வால்பாறை. "மாமா, ஸ்ப்ரிங் மட்டும் மாத்தினா போதுமா இல்ல காயிலோவரே போட்டுடலாமா, நம்ம வீட்டு போர்டிகோலயே மாட்டிக்கலாம்ல"ன்னு கேட்டான். காயிலோவர்னா உயரத்த ஏத்தி இறக்கற மாதிரி ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேந்து வர்ற செட். அவன் ஃபிரண்ட் ஒருத்தன் கிட்ட போலோ இருக்கு, அவனுக்கும் இதே ஆசை. ரெண்டு பேருக்கும் சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா இந்த ரெண்டு வண்டியும் நம்ம ஊர்ல ஜாஸ்தி இறக்கற வண்டிங்க, முன்னாடி ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னாடி ரெண்டு சக்கரத்தயும் சேக்கற டார்ஷன் பீம்னு அடிப்படையும் ஒண்ணுதான்.

முதல்ல நம்ம ரோட்ட பேசிடலாம். சுவிஃப்ட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸ் கம்பெனி சொல்றது 163 மி.மீ, அது ஆள் ஏறாம. போலோவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்துல வளைஞ்சது. சுவிஃப்ட்டோட வீல்பேஸ் 2.45 மீட்டர், அதாவது அந்த மாதிரி பிரேக்கர் மேல ஏறும்போது நாலு சக்கரமும் அந்த மேட்டு மேலயே நிக்கும். கணக்கு போட்டுப் பாத்தா வண்டியோட நடு வயித்துக்குக் கீழ அந்த மேடு திங்கறது வெறும் 4.4 செ.மீ. அந்த மாதிரி பிரேக்கர் மட்டும்தான்னா நாலு பேரோட இறக்கின வண்டியே அலுங்காம போயிடும். ஆனா நம்ம தெருவுல இருக்கறது அது இல்லயே, ராத்திரியோட ராத்திரியா யாரோ கான்கிரீட் கொட்டி வச்ச அரை மீட்டர் அகலத்துல 12, 13 செ.மீ உயரத்துல ஒரு மேடு, அது நடு வயித்துக்கு நேரா வரும்போது முன் சக்கரம் பின் சக்கரம் ரெண்டும் தரையில இருக்கும், அதனால அந்த 12 செ.மீயும் முழுசா நம்ம கிளியரன்ஸ்ல இருந்து போகும். 163ல 30 இறக்கினா 133, நாலு பேர் ஏறி லக்கேஜும் வச்சா இன்னும் ரெண்டு மூணு செ.மீ இறங்கும், மிச்சம் 103ல இருந்து 113. இடிக்கும். 30லயே முழு லோடுல இந்த நிலைமை, இதனாலதான் தினமும் ஓட்டற வண்டிக்கு 25, 30 மி.மீக்கு மேல வேண்டாம்னு நான் அடிச்சு சொல்றேன். 50, 60 இறக்கின போட்டோவெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும், அந்த வண்டிங்க போற ரோடு வேற.

இன்னொன்னு, பெரிய அலாய் போட்டா கேப் மூடிடும்னு நினைச்சு 16 இன்ச் வாங்கறாங்க. கம்பெனி டயர் 185/65 ஆர்15ஓட மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621தான் வரும். ரிம்முதான் பெருசா தெரியும், கேப் அப்படியேதான் இருக்கும்.

சரி, வழிகளுக்கு வரலாம். முதல் வழி இறக்காமலே இருக்கறது, சிரிக்காதீங்க, இத சீரியஸாத்தான் சொல்றேன். நெறைய பேர் "வண்டி வளைவுல ஆடுது, ஹைவேல மிதக்கற மாதிரி இருக்கு, அதுக்குத்தான் இறக்கப் போறேன்"னு சொல்வாங்க. வண்டி அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தா அந்த ஆட்டம் உயரத்தால வர்றது இல்ல, ஷாக் அப்சார்பர் தளர்ந்து போயிருக்கும். புது ஷாக், புது டாப் மவுண்ட் (ஷாக்கோட மேல் நுனிய பாடியோட பிடிக்கற தாங்கி), நல்ல டயர், இந்த மூணு மாத்தினாலே பாதி பேருக்கு தேடினது கிடைச்சுடும். கம்பெனி உயரத்துலயே இன்னும் இறுக்கமா வேணும்னா பில்ஸ்டைன் பி6 மாதிரி ஸ்டாக் நீளத்துலயே வர்ற ஷாக் இருக்கு, உங்க மாடலுக்கு வருதான்னு கேட்டுப் பாக்கலாம். தோற்றம்தான் வேணும்னா அது வேற விஷயம், மேல படிங்க.

ரெண்டாவது, ஸ்ப்ரிங்க வெட்டறது. இத பத்தி ஒரே பத்தியில முடிச்சுக்கறேன், இது வழியே இல்ல. கிரைண்டர வச்சு ஒரு சுத்து வெட்டறது, இல்லன்னா கேஸ் வெல்டிங் டார்ச்சால ஸ்ப்ரிங்க சூடு பண்ணி உக்கார வைக்கறது, ரெண்டையும் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு செஞ்சு தர்ற பட்டறைங்க எல்லா ஊர்லயும் இருக்கு. சூடு பண்ணா அந்த ஸ்டீலுக்கு கம்பெனில கொடுத்த பதம் போயிடும், அப்புறம் அது எப்ப தொய்யும் எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. வெட்டினா என்ன ஆகும்னா, வேலை செய்யற சுத்து ஆறு இருந்தா அதுல ஒண்ணு வெட்டினதும் அஞ்சு, ஸ்ப்ரிங் 20 சதவீதம் கெட்டி ஆகும், ஆனா இறங்கின அளவுக்கு அந்தக் கெட்டி பத்தாது, சக்கரம் ரொம்ப மேல வராம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் மோதும். அத விட மோசம், வண்டிய ஜாக்கில தூக்கினா ஸ்ப்ரிங் ஷாக்க விட குட்டையா இருக்கறதால அது உக்கார்ற தட்டுல, அதாவது ஸ்ப்ரிங் சீட்ல, லூஸா ஆடும், ஒரு பெரிய குழில சக்கரம் தொங்கி எழும்பறப்ப ஸ்ப்ரிங் இடம் மாறி உக்காந்துடலாம். செகண்ட் ஹேண்ட்ல இறக்கின வண்டி வாங்கறவங்க இத கட்டாயம் செக் பண்ணுங்க, சக்கரம் தொங்கற நிலைல ஸ்ப்ரிங்க கையால பிடிச்சு திருகிப் பாருங்க, கைல சுத்துச்சுன்னா அந்த வண்டி வேண்டாம்.

மூணாவதுதான் எல்லாரும் வாங்கறது, லோயரிங் ஸ்ப்ரிங் மட்டும். ஐபாக், ஹெச் அண்ட் ஆர், கோப்ரா இந்த மாதிரி பேருங்கள நம்ம ஊர் ஆளுங்க அடிக்கடி சொல்வாங்க. நாலு ஸ்ப்ரிங், கம்பெனி ஷாக் அப்படியே இருக்கும், செலவு கம்மி. முறையா செஞ்ச ஸ்ப்ரிங்னா குட்டையா இருந்தாலும் கெட்டியா இருக்கும், தொங்கினாலும் சீட்ட விட்டு விலகாத மாதிரி செஞ்சிருப்பாங்க, அதனால வெட்டின ஸ்ப்ரிங்கோட இத ஒண்ணா சேக்கவே கூடாது. புது வண்டி, ஷாக் நல்லா இருக்கு, இறக்கறது 25 மி.மீக்குள்ள, மெதுவா ஓட்டற ஆள், இப்படின்னா இது போதும்.

ஆனா முன்னாடி சொன்ன ரெண்டு கேள்விய இங்க கேளுங்க. ஒரு உதாரணத்துக்கு சக்கரம் மேல எழும்ப 80 மி.மீ இடம் இருக்குன்னு வச்சுக்கலாம், 35 இறக்கினா மிச்சம் 45. பழைய ஷாக்கோட பிஸ்டன் இப்ப எப்பவுமே கீழ்ப் பகுதியிலயே வேலை செய்யும், பம்ப் ஸ்டாப் ரப்பர் பக்கத்துலயே நிக்கும், அது மட்டும் இல்லாம அந்த ஷாக்க டியூன் பண்ணது மெத்துனு இருந்த பழைய ஸ்ப்ரிங்குக்கு, இப்ப கெட்டி ஸ்ப்ரிங் திருப்பி அடிக்கற வேகத்த அதால அடக்க முடியாது. மேட்டுல ஏறி இறங்கினா வண்டி ரெண்டு மூணு தடவ குதிக்கும். பழைய ஷாக்னா சீக்கிரமே ஆயில் கசிய ஆரம்பிக்கும். அப்புறம் புது ஷாக் வாங்கணும், திரும்ப முழுசா கழட்டணும், திரும்ப அலைன்மென்ட், காச மிச்சம் பிடிக்கப் போய் ஒரே வேலைய ரெண்டு தடவ செய்யறதுல முடியும். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டின வண்டில ஸ்ப்ரிங் மட்டும் போடறத நான் யாருக்குமே சொல்ல மாட்டேன்.

நாலாவது, ஸ்ப்ரிங்கும் அதுக்கு ஏத்த குட்டை ஷாக்கும் சேந்து வர்ற கிட். பில்ஸ்டைன் பி12னா பி8 ஷாக்கும் ஐபாக் ஸ்ப்ரிங்கும் ஒரே பெட்டில. பி8ங்கறது இறக்கின வண்டிக்குன்னே குட்டையா செஞ்சது, அதனால பிஸ்டன் அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கும், அடக்கற சக்தியும் அந்த ஸ்ப்ரிங்குக்கு ஏத்ததா இருக்கும். உயரம் மாத்த முடியாது, கிட் செஞ்ச கம்பெனி முடிவு பண்ணதுதான், பெரும்பாலும் 25ல இருந்து 35 வரைக்கும். நெறைய பேருக்கு இது ஒரு குறையா படுது, எனக்கு இதுதான் இதோட பெரிய நிறை, ஏன்னா அத இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கிப் பாக்கலாம்ங்கற சபலத்துக்கே இடம் இல்ல. போலோவுக்கு இந்த மாதிரி ஜெர்மன் கிட் சுலபமா கிடைக்கும், யூரோப்ல லட்சக்கணக்குல ஓடின வண்டி அது. சுவிஃப்ட்டுக்கு இறக்குமதி பண்ணும்போது ரொம்ப கவனமா இருக்கணும், வெளிநாட்டு சுவிஃப்ட்டும் நம்ம ஊர் சுவிஃப்ட்டும் பேரு ஒண்ணா இருந்தாலும் எடையும் பார்ட் நம்பரும் மாறும், டீசலா பெட்ரோலாங்கறதுக்கே முன் ஸ்ப்ரிங் மாறும். பெட்டி வீட்டுக்கு வந்ததும் பழைய ஸ்ட்ரட் பக்கத்துல வச்சு போல்ட் ஓட்டை, பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் வயர் கிளிப் இந்த மூணும் அதே எடத்துல இருக்கான்னு பாக்காம வண்டில கை வைக்காதீங்க.

அஞ்சாவது காயிலோவர், பிசி ரேசிங், டெய்ன், கேடபிள்யூ, பில்ஸ்டைன் பி14 இப்படி. பாடில மரை போட்டிருக்கும், வளையத்த திருகி உயரத்த ஏத்தலாம் இறக்கலாம், சிலதுல அடக்கற சக்தியயும் மேல இருக்கற குமிழ்ல மாத்தலாம். விலை லட்சத்துக்குப் பக்கத்துல போகும், சிலது தாண்டும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல டிராக் டே (ரேஸ் டிராக்குல சொந்த வண்டிய ஓட்டற நாள்) ஓட்டறவங்க, அல்லது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வண்டி எடுத்துட்டுப் போறவங்களுக்கு இது நியாயமான செலவு, நாலு மூலையோட எடையயும் சரி பண்ணிக்கலாம். ஆபீஸ் போய்ட்டு வர்ற வண்டிக்கு? விலை கம்மியான காயிலோவர விட நல்ல ஃபிக்ஸட் கிட் எவ்வளவோ மேல். மலிவான காயிலோவர் கட்டாந்தரை மாதிரி இருக்கும், ரப்பருக்கு பதிலா இரும்பு உருண்டை மூட்டு இருக்கற பில்லோபால் மவுண்ட் ஒவ்வொரு குழிக்கும் டக்கு டக்குனு சத்தம் போடும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல உப்புக் காத்தும் மழைத் தண்ணியும் சேறும் அந்த மரைல ஏறி உக்காந்துடும், வருஷம் ஒரு தடவயாவது கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் பூசலன்னா வளையம் அப்படியே பிடிச்சுக்கும், அப்புறம் அந்த அட்ஜஸ்ட்மென்ட்டுக்குக் கொடுத்த காசு வீண். நெறைய பேர் மாட்டின அன்னிக்கு வச்ச உயரத்த அப்புறம் தொடறதே இல்ல, அதையும் யோசிச்சுக்கோங்க.

ஏர் சஸ்பென்ஷன் ஆறாவது. ஸ்ப்ரிங்குக்கு பதிலா காத்துப் பை, டிக்கில கம்ப்ரெஸரும் டேங்கும், சுவிட்ச்ச தட்டினா வண்டி தரையோட படுக்கும், ஸ்பீட் பிரேக்கர் வந்தா தூக்கிக்கும். நம்ம ரோட்டுக்கு நியாயமா பாத்தா அதுதான் புத்திசாலித்தனமான வழி மாதிரி தெரியும். ஆனா விலை, லீக், வயரிங், டிக்கி இடம் எல்லாம் பாத்தா இது ஷோ வண்டிக்கு, வீட்டுல மாட்டற வேலையும் கிடையாது. விட்டுடலாம்.

ரொம்ப இறக்கினா வளைவுல நல்லா போகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா அக்கா பையன் வால்பாறை 40 ஹேர்பின் பெண்டையும் மனசுல வச்சுத்தான் கேட்டான். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்ல கீழ இருக்கற லோயர் ஆர்ம் கம்பெனி உயரத்துல கிட்டத்தட்ட படுக்கையா இருக்கும். வண்டிய இறக்கினா அதோட சக்கரப் பக்க நுனி மேல தூக்கிக்கும். அப்படி ஆகும்போது ரோல் சென்டர்னு சொல்ற புள்ளி, வண்டியோட எடை மையம் இறங்கறத விட வேகமா கீழ இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் கூடுச்சுன்னா வளைவுல வண்டிய சாய்க்கற நெம்புகோல் நீளமாயிடும். அந்த சாய்வ தடுக்க ஸ்ப்ரிங் இன்னும் இன்னும் கெட்டி ஆகணும், அப்புறம் சொகுசு போச்சு. அதோட ஸ்டியரிங் டை ராடோட கோணமும் மாறும், மேடு பள்ளத்துல ஸ்டியரிங் தானா இழுக்கும். 25, 30 மி.மீல இதெல்லாம் பெருசா தெரியாது, 50 தாண்டினா தெரியும். ஆக ரோட்டுக்காக சொன்ன அதே அளவுதான் ஓட்டறதுக்கும் சரி வருது.

இப்ப வீட்டுல மாட்டற கதை. இங்கதான் வழிகளுக்கு நடுவுல உண்மையான வித்தியாசம் இருக்கு, கடைக்காரங்க யாரும் சொல்றது இல்ல.

பின்பக்கம் எல்லா வழிக்கும் சுலபம். ரெண்டு பின் சக்கரத்தயும் கழட்டி, பாடிய ஸ்டாண்டுல நிக்க வச்சு, டார்ஷன் பீமுக்குக் கீழ ஜாக்க லேசா முட்டுக் கொடுத்து, ரெண்டு பக்க ஷாக்கோட கீழ் போல்ட்டயும் கழட்டி, ஜாக்க மெதுவா இறக்கினா பீம் கீழ வரும், ஸ்ப்ரிங் கையோட வந்துடும். ஸ்ப்ரிங்க அமுக்கிப் பிடிக்கற டூலான ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் தேவையே இல்ல. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுதான்னு கண்ணு அது மேலயே இருக்கணும். மேல் ரப்பர் சீட்ட புது ஸ்ப்ரிங்குக்கு மாத்தி, ஸ்ப்ரிங்கோட நுனி கீழ் சீட்ல இருக்கற பள்ளத்துல சரியா முட்டி நிக்குதான்னு விரலால தடவிப் பாத்துட்டு பீம ஏத்துங்க. ஒரு விஷயம், ஷாக்கோட கீழ் போல்ட்ட சக்கரம் தொங்கற நிலைல முழுசா இறுக்கக் கூடாது, ஜாக்கால பீம வண்டி நிக்கற உயரத்துக்குத் தூக்கிட்டு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (அளவு வச்சு இறுக்கற ஸ்பேனர்). தொங்கும்போது இறுக்கினா உள்ள இருக்கற ரப்பர் புஷ் எப்பவுமே முறுக்கினபடியே ஓடும், சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம்தான் யோசிக்க வேண்டிய இடம். ஸ்ட்ரட்ட வண்டில இருந்து எடுக்கறது பெரிய வேலை இல்ல. சுவிஃப்ட்ல சக்கரத்த தாங்கற நக்குள்ல ரெண்டு பெரிய போல்ட், ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் கிளிப், ஸ்டெபிலைசர் லிங்க், மேல மவுண்ட் நட், அவ்வளவுதான். நக்குள் வெளிய சாயாம கம்பியால கட்டி வைக்கணும், இல்லன்னா டிரைவ் ஷாஃப்ட் உள் ஜாயின்ட் இழுபட்டு வெளிய வந்துடும், அத வீட்டுல திரும்ப உக்கார வைக்கறது பெரிய தலைவலி. போலோல கதை வேற, ஸ்ட்ரட்டோட அடிப்பகுதி நக்குளுக்குள்ள குழாய் மாதிரி இறங்கி உக்காந்திருக்கும், ஒரு பிஞ்ச் போல்ட் கவ்விப் பிடிச்சிருக்கும். போல்ட்ட எடுத்துட்டு அந்த வெடிப்புக்குள்ள முட்டை வடிவ பிட் ஒண்ண விட்டு கால் சுத்து திருப்பினா நக்குள் கொஞ்சம் வாயத் திறக்கும், அப்பத்தான் ஸ்ட்ரட் வரும். அந்த டூல் இல்லாம உளிய வச்சு அடிச்சு விரிக்கறவங்க இருக்காங்க, நக்குள்ல கீறல் விழுந்தா அது ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட பார்ட்டுங்க, அந்த டூலோட விலை அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அந்தப் பிஞ்ச் போல்ட்டும் ஒரு தடவ கழட்டினா புதுசுதான் போடணும்.

ஸ்ட்ரட் வெளிய வந்ததுக்கு அப்புறம் ஸ்ப்ரிங்க பிரிக்கறதுதான் ஆபத்து. வண்டி நிக்கும்போது ஒரு முன் ஸ்ப்ரிங் 250 கிலோ பக்கம் தாங்கிட்டு இருக்கு. அத கழட்டறதுக்கு கொக்கி கம்ப்ரெஸர் ரெண்ட எதிர் எதிரா மாட்டி மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரு கொக்கி வழுக்கிச்சுன்னா அந்த ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் பாயும்னு தெரியாது, கை போகும், முகம் போகும். வாடகைக்குக் கிடைக்கற கம்ப்ரெஸர்ல மரை தேஞ்சு போயிருக்கும், கொக்கியோட லாக் பின் இருக்காது. முதல் தடவ செய்யறவங்க இத வீட்டுல செய்ய வேண்டாம்னு நான் திட்டவட்டமா சொல்றேன்.

இப்ப வழிகள திரும்ப பாருங்க. ஸ்ப்ரிங் மட்டும் மாத்தற வழி, அதாவது செலவு கம்மியா தெரியற அந்த மூணாவது வழிலதான் இந்த ஆபத்தான வேலைய தவிர்க்கவே முடியாது, பழைய ஷாக்க எடுத்து புது ஸ்ப்ரிங்ல போட்டாகணும். காயிலோவர்ல ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேந்தே வரும், கம்ப்ரெஸர் தேவைப்படாது, ஆனா நெறைய கிட்ல டாப் மவுண்ட் வராது, பழைய ஸ்ட்ரட்ல இருந்து கழட்டிப் போடுன்னு சொல்வாங்க, அதுக்கு திரும்ப பழைய ஸ்ப்ரிங்க அமுக்கணும். அதனால ஃபிக்ஸட் கிட்டோ காயிலோவரோ எதுன்னாலும் புது டாப் மவுண்ட், பேரிங், டஸ்ட் கவர் ரெண்டு செட் சேத்து வாங்கிடுங்க. அப்புறம் பழைய ஸ்ட்ரட்ட பிரிக்கவே வேண்டாம், முழுசா எடுத்து ஓரமா வைக்கலாம். ஃபிக்ஸட் கிட்ல புது ஸ்ட்ரட்ட சேக்கறதுக்கு கொஞ்சமா அமுக்க வேண்டி வரலாம், அந்தப் பார்ட்டுங்கள ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனா சுவத்துல பொருத்தின கம்ப்ரெஸர்ல சீக்கிரமே பூட்டிக் கொடுத்துடுவாங்க, கூலியும் பெருசா இருக்காது. வண்டி வீட்டுலயே இருக்கும், நீங்க பூட்டின ஸ்ட்ரட்ட கொண்டு வந்து மாட்டறது மட்டும்தான். நான் சொல்ற வழி இதுதான், வீட்டு வேலையோட சந்தோஷமும் இருக்கும், உயிருக்கு பயமும் இருக்காது. மேல் நட்ட இறுக்கறப்ப ராட அலென் கீயால பிடிச்சுட்டு ரிங் ஸ்பேனரால இறுக்கச் சொல்லுங்க, இம்பாக்ட் கன்ன வச்சு கிர்ருனு அடிச்சா ராடு சுத்தும், புது ஷாக்கோட சீல் முதல் நாளே அடி வாங்கும்.

இடம் பத்தி. சமதளம் வேணும், சாய்வான போர்டிகோ கூடாது. டைல்ஸ் போட்ட தரைன்னா ஸ்டாண்டுக்குக் கீழ கெட்டி பிளைவுட் வைங்க, இல்லன்னா டைல் உடைஞ்சு ஸ்டாண்டு சாயும். டிக்கில வர்ற கத்திரி ஜாக் பஞ்சருக்கு மட்டும், இந்த வேலைக்கு டிராலி ஜாக்கும் ரெண்டு ஸ்டாண்டும் கட்டாயம். ஜாக்க மட்டும் நம்பி ஒரு கை கூட வண்டிக்குக் கீழ போகக் கூடாது. கூட ஒரு ஆள் இருக்கணும். கழட்டறதுக்கு முன்னாடி நாலு மூலையிலயும் வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப்ப வச்சு அளந்து எழுதி வைங்க, தரையில இருந்து அளந்தா டயர் காத்து மாறினா கணக்கு மாறும். முதல் நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் டபிள்யூடி 40 அடிச்சு விட்டா காலைல பாதி சண்டை மிச்சம்.

மாட்டி முடிச்சதும் வேலை முடியல. இறங்கினா கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும், அதாவது சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாயும், சக்கரத்தோட முன் பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி இருக்கற அளவான டோவும் மாறும், டோ சரியில்லன்னா புது டயர் கூட உள்பக்கமா மளமளன்னு தேயும். அன்னிக்கே டோவ சரி பண்ணிட்டு, ஒரு 500 கிலோமீட்டர் ஓடி ஸ்ப்ரிங் உக்காந்ததுக்கு அப்புறம் முழு அலைன்மென்ட் திரும்ப பண்ணுங்க, அப்பவே எல்லா போல்ட்டயும் ஒரு தடவ டார்க் செக். ஹெட்லைட்டோட உயரத்தயும் பாருங்க.

சட்டத்த மறைக்க விரும்பல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டிய மாத்தறத கட்டுப்படுத்துது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம் அல்லது ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட விதிக்கலாம். "ஆர்சில கிரவுண்ட் கிளியரன்ஸே போடலயே"ன்னு வாதாடறவங்க இருக்காங்க, ரோட்டுல நிறுத்தற ஆபீசர் கிட்ட அந்த வாதம் எடுபடும்னு நம்பி இறங்காதீங்க. ஜெர்மனில இந்த கிட்டுங்க சர்டிஃபிகேட்டோட வரும், அங்க அத காட்டி வண்டி பேப்பர்லயே பதிஞ்சுக்கலாம், அந்தப் பேப்பருக்கு இங்க மதிப்பு கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லாம விட்டா பெரிய கிளெய்ம் வரும்போது அதயே காரணமா காட்டலாம். வாரண்டில இருக்கற வண்டின்னா சஸ்பென்ஷன் பக்கம் வாரண்டி போச்சுன்னே வச்சுக்கோங்க. இதெல்லாம் தெரிஞ்சுதான் செய்யணும்.

அக்கா பையனுக்கு நான் சொன்னது இது. வண்டி அறுபதாயிரம் தாண்டியாச்சு, அதனால ஸ்ப்ரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மாவும் அப்பாவும் பின்னாடி உக்காந்து ஊருக்குப் போற வண்டி, காயிலோவரும் வேண்டாம். முதல்ல கம்பெனி உயரத்துல புது ஷாக்கும் மவுண்ட்டும் போட்டு ஒரு தடவ வால்பாறை போய்ட்டு வா, அப்பவும் ஆசை இருந்தா அவன் மாடலுக்கு எடை பாத்து செஞ்ச 25, 30 மி.மீ கிட், ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேந்தது. போலோக்காரன் டிராக் டே போற ஆள், தனியாத்தான் ஓட்டறான், சீட்டு கட்டி காசும் சேத்து வச்சிருக்கான், அவனுக்கு நல்ல கம்பெனி காயிலோவர் சரி, ஆனா ரோட்டுல ஓட்டற உயரம் 30ஐ தாண்டக் கூடாது, மரைய வருஷா வருஷம் சுத்தம் பண்ணணும்.

ரெண்டு பேருக்கும் பொதுவா சொன்னது, கழட்டின பழைய ஸ்ட்ரட்ட பிரிக்காம, பழைய பின் ஸ்ப்ரிங், ரப்பர் சீட், போல்ட் எல்லாத்தோடயும் சேத்து இடது வலதுன்னு பெயிண்ட்ல குறிச்சு சாக்குல சுத்தி வைங்கங்கறதுதான். வண்டிய விக்கறப்பவோ, எஃப்சிக்கு கொண்டு போறப்பவோ, இல்ல வீட்டுல வயசானவங்களுக்கு ஏறி இறங்க கஷ்டமா இருக்குன்னு சொன்னாலோ, ஒரே நாள்ல திரும்ப கம்பெனி உயரத்துக்கு வந்துடலாம்.